தண்ணீர் குடித்த டீசல் லாரி

இன்ஜின் நின்றதும் முதலில் கேட்டது ஆற்றின் சத்தம். அதுவரை அந்த டீசல் லாரியின் தடதடப்பில் ஆறு இரைவது எங்கள் யார் காதிலும் ஏறவில்லை. நின்ற பிறகுதான் நாங்கள் எதன் நடுவில் இருக்கிறோம் என்பது எனக்கு உறைத்தது.

பண்பொழிக்கு மேற்கே, மலையடிவாரத்தில் ஒரு காட்டாறு இரண்டு கிளையாகப் பிரிந்து ஓடி, கொஞ்ச தூரம் போய் மறுபடி சேர்ந்துகொள்ளும். நடுவில் ஒரு மண் திட்டு. நாணலும் உருண்டைக் கற்களும் நாலு எருக்கஞ்செடியும் தவிர அதில் ஒன்றும் கிடையாது. அப்போது பாலமும் இல்லை. மரம் ஏற்றும் வண்டிகள் முதல் கிளையில் இறங்கி, திட்டில் ஏறி, இரண்டாவது கிளையைக் கடந்து கரை சேரும். சாதாரண நாளில் முழங்காலுக்குக் கீழேதான் தண்ணீர் ஓடும்.

அன்று ஐப்பசி மழை. முதல் கிளையில் இறங்கும்போது சக்கரத்தின் குடம் வரைக்கும் இருந்த தண்ணீர், நடு ஆற்றில் போகும்போதே ஏறிவிட்டது. முன்சக்கரம் திட்டில் ஏறிய நேரத்தில் இன்ஜின் இரண்டு தடவை விக்கியது, நின்றது. லாரியின் மேலே, மரக்கம்புகளின் மீது பதினொரு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். நடவுக்குப் போய்விட்டு மழையில் நனைந்துகொண்டு நடந்து வந்தவர்களை, போகிற வழிதானே என்று ஏற்றியிருந்தோம்.

அவர்களே குதித்து இறங்கி, இடுப்பளவு தண்ணீரில் நின்று, வண்டியைத் திட்டின்மேல் தள்ளி ஏற்றினார்கள். நான் பானெட்டைத் திறக்க ஓடினேன். வேண்டாம் என்று நான் கையைக் காட்டுவதற்குள் டிரைவர் சுடலைமுத்து ஸ்டார்ட்டரை அழுத்திவிட்டார்.

"டொக்" என்று ஒரே ஒரு சத்தம். அப்புறம் ஒன்றுமில்லை.

பொய் சொல்லிப் பிடித்த வேலை

சிவகிரியிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். இத்தனை வாரமாக எழுதுகிறீர்கள், எல்லாவற்றையும் ஏதோ விளையாட்டுப் போலச் சொல்லிக்கொண்டு போகிறீர்களே, உங்களுக்குப் பயம் என்பதே கிடையாதா என்று கேட்கிறார். ஐயா, பயத்தைத் தனியாக எடுத்து வைத்திருந்தேன். இந்த வாரம் அதைத்தான் பரிமாறுகிறேன்.

யுத்தம் முடிந்து ஓரிரண்டு வருஷம் இருக்கும். பட்டாளத்துக்காரர்கள் விட்டுப் போன வண்டிகளை ஏலம் போட்டார்கள். எங்கள் மரக்கடை முதலாளி ஒரு டீசல் லாரியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். தென்காசியில் அப்போது ஓடியதெல்லாம் பெட்ரோல் வண்டி, அல்லது யுத்த காலத்தில் பின்னால் அடுப்பைக் கட்டிக்கொண்டு ஓடிய கரிவாயு பஸ். டீசல் வண்டியைக் 'குரூடாயில் வண்டி' என்பார்கள். கிட்டப் போய் முகர்ந்து பார்த்துவிட்டு மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். அதைப் பிரித்துப் பார்த்தவன் ஊரில் ஒருவனும் இல்லை.

முதலாளி என்னைக் கூப்பிட்டு, பட்டாளத்தில் டீசல் வேலை பார்த்திருக்கிறாயா என்று கேட்டார். பார்த்திருக்கிறேன் என்றேன்; வண்டிக்கு மேஸ்திரி ஆனேன். அது முழுப் பொய்யும் இல்லை, உண்மைக்குப் பக்கத்தில் நிற்கிற பொய்.

நான் அஸ்ஸாமில் ஒரு பட்டாள ஒர்க் ஷாப்பில் மூன்று வருஷம் இருந்தேன். என் வேலை கழுவுவது. மண்ணெண்ணெய்த் தொட்டியின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, பிரித்துப் போடுகிற சாமான்களை எல்லாம் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவிக் காயவைப்பேன். மாட்டத் தெரியாது. ஆனால் உடைந்த சாமான் எது, எப்படி உடைந்தது என்பது என் கைக்கு நன்றாகத் தெரியும். செத்தவர்களை மட்டுமே பார்த்த வைத்தியன் என்று என்னைச் சொல்லலாம்.

அங்கே ஒரு நாள் வளைந்துபோன ராடு ஒன்று என் தொட்டிக்கு வந்தது. சிலிண்டருக்குள் மேலும் கீழும் போகிற பிஸ்டனையும், அடியில் சுற்றுகிற கிராங்கையும் இணைக்கிற இரும்புக் கைதான் ராடு. என் முழங்கை நீளம் இருக்கும். வாழைநார் மாதிரி வளைந்திருந்தது. இதை எந்த ராட்சசன் வளைத்தான் என்று கேட்டேன். பஞ்சாபி மேஸ்திரி, "தண்ணீர்" என்றார்.

டீசல் இன்ஜின் காற்றை உள்ளே இழுத்து, நசுக்கி, அந்தச் சூட்டிலேயே எண்ணெயைக் கொளுத்துகிற ஜாதி. காற்று நசுங்கும், தண்ணீர் நசுங்காது. சிலிண்டருக்குள் தண்ணீர் போய்விட்டால் பிஸ்டன் அதில் போய் முட்டும், ராடு வளையும். வளைந்த ராடோடு வண்டியை ஓட்டினால் ஒரு நேரத்தில் அது ஒடிந்து, இன்ஜினின் விலாவைப் பிளந்துகொண்டு வெளியே வரும். இவ்வளவும் அந்த மேஸ்திரி சொன்னது. நான் படித்த டீசல் பாடம் முழுக்க இதுதான்.

சாக்கு கட்டியது நான்

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். தண்ணீர் இன்ஜினுக்குள் போனதற்குக் காரணமும் நானே.

பெட்ரோல் வண்டி ஆற்றில் இறங்குமுன் முன்பக்கம் ஒரு கோணிச் சாக்கைக் கட்டுவது எங்கள் பக்கத்து வழக்கம். பெட்ரோல் வண்டிக்கு உயிர் மின்பொறியில். பிளக்கில் நாலு சொட்டுத் தண்ணீர் தெறித்தாலும் வண்டி நின்றுவிடும். கரை ஏறியதும் பிளக்கைக் கழற்றி, சுள்ளியில் தீ மூட்டிச் சூடு காட்டி, மறுபடி மாட்டினால் சீறிக்கொண்டு கிளம்பும்.

டீசலுக்குப் பிளக்கும் கிடையாது, பொறியும் கிடையாது. அதற்கு வேண்டியது மூச்சு. அந்த லாரியின் காற்றுக்குழாய் வாய், பானெட்டுக்குள் தாழ்வாக ஒரு ஓரத்தில் இருந்தது. நான் பெட்ரோல் பழக்கத்தில், ஆற்றில் இறங்குமுன் ஒன்றுக்கு இரண்டாகச் சாக்கை இழுத்துக் கட்டினேன். பக்கவாட்டில் புகுந்த தண்ணீர் சாக்கைத் தாண்டி வெளியேற வழியில்லாமல் உள்ளேயே ஏறி நின்று, நேராக அந்த வாய்க்குள் போயிருக்கிறது. மூடி வைத்துக் காப்பாற்றுகிறேன் என்று மூக்கைப் பிடித்துத் தண்ணீர் புகட்டிவிட்டேன்.

சாக்கை அவிழ்த்தபோது அதற்குப் பின்னால் குடம் குடமாகத் தண்ணீர் கொட்டியது. சுடலைமுத்து அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நாற்பது வயது மனிதர், பதினைந்து வருஷ டிரைவர். இன்னொரு தரம் ஸ்டார்ட்டரைத் தொட வேண்டாம் அண்ணாச்சி என்று கையெடுத்துக் கும்பிட்டேன்.

பேச்சியம்மாளின் அளவு

பெண்களில் பேச்சியம்மாள் என்பவள்தான் மூத்தவள். இலஞ்சிக்காரி. நாற்பத்தைந்து வயது இருக்கும். எந்த வயலுக்கு எத்தனை பேர், யார் எந்த வரிசை என்பதெல்லாம் அவள் சொல்படிதான். அவள் மகள் செல்லம்மாளும் கூட்டத்தில் இருந்தாள். அவளுக்கு வீட்டில் மூன்று மாதக் குழந்தை. மத்தியானத்தோடு திரும்பிவிடலாம் என்று வந்தவள். பால் கட்டி, மாராப்பு நனைந்து, இரண்டு கையாலும் மார்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

நான் இன்ஜினைப் பார்த்துக்கொண்டிருந்தபோது பேச்சியம்மாள் வேறு ஒரு வேலை செய்தாள். மீந்து போன நாற்றுமுடி ஒன்றை வீட்டுக்கோழிக்கு என்று இடுப்பில் செருகி வைத்திருந்தாள். அதைப் பிரித்து, தண்ணீர் விளிம்பிலிருந்து லாரியின் சக்கரம் வரைக்கும் சாணுக்கு ஒன்றாக நட்டுக்கொண்டே வந்தாள். பன்னிரண்டு நாற்று.

எதற்கு என்று கேட்டேன். எத்தனை நாற்று முங்குகிறது என்று பார்த்தால் எவ்வளவு நேரம் இருக்கிறது என்று தெரிந்துவிடும் என்றாள். அவள் சொல்லி முடிப்பதற்குள் ஒன்று முங்கிவிட்டது.

அக்கரைக்கு நடந்தே போய்விடலாம் என்று இரண்டு பேர் இறங்கிப் பார்த்தார்கள். நாலாவது அடியில் கால் வழுக்கி விழுந்தவளைத் தலைமுடியைப் பிடித்துத்தான் இழுத்தோம். வந்த வழியும் அப்படித்தான் ஆகியிருந்தது. பாரம் ஏற்றிய லாரிதான், அதன்மேலேயே உட்கார்ந்திருந்தால் வெள்ளத்தில் நிற்குமே என்று நினைக்கலாம். முந்தின வருஷம் இதே திட்டில் ஒரு பாரவண்டி மாடுகளோடு வெள்ளத்தில் போனதைச் சுடலைமுத்து கண்ணால் பார்த்தவர்.

தண்ணீரின் நிறம்

இங்கே என் தகப்பனாரைப் பற்றி ஒரு வார்த்தை. அவர் குற்றாலத்தில் சீசனுக்கு வருகிற ஆட்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடுகிறவர். செட்டிநாட்டுத் தொந்தி, தஞ்சாவூர்த் தொந்தி எல்லாம் அவர் கைக்குப் பழக்கம். தேய்க்கும்போது கண் மட்டும் அருவியின்மேல் இருக்கும். தண்ணீர் வெள்ளையாக விழுகிற வரைக்கும் பயமில்லை. அது டீக் கஷாய நிறத்துக்கு மாறி, கூடவே பச்சை இலைகள் கிள்ளிப் போட்ட மாதிரி விழ ஆரம்பித்தால், எண்ணெய்க்கிண்ணத்தை அப்படியே போட்டுவிட்டு, குளிக்கிறவன் எவ்வளவு பெரிய மனுஷனானாலும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிடுவார். காய்ந்த இலை வந்தால் அடிவாரத்து மழை. பச்சை இலை வந்தால் மேலே மலையே பிய்ந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

அன்று நான் ஆற்றைப் பார்த்தேன். தண்ணீர் சிவந்திருந்தது. பச்சை இலைகள் வந்தன. காம்போடு, பூவோடு வந்தன.

இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லி என்ன ஆகப் போகிறது? என் தொடை இரண்டும் தானாக ஆடின. ஆடுவது தெரியக்கூடாது என்று மட்கார்டில் இடித்துக்கொண்டு நின்றேன்.

மோர்

இனி வேலையைச் சொல்கிறேன்.

முதலில் இன்ஜின் ஆயில் அளவு பார்க்கிற குச்சியை உருவினேன். கறுப்பாக இருக்க வேண்டிய ஆயில் சாம்பல் வெள்ளையாக, நுரைத்து, அளவுக்கோட்டுக்கு மேலே இரண்டு விரல் ஏறியிருந்தது. பக்கத்தில் நின்ற பேச்சியம்மாள், மோர் மாதிரி இருக்கிறதே என்றாள். அவள் சொன்னது சரி. ஆயிலில் தண்ணீர் கலந்துவிட்டது.

டீசல் வடிகட்டுகிற கிண்ணத்தைத் திறந்தேன். அதன் அடியிலும் இரண்டு விரல் தண்ணீர்; கொட்டிவிட்டு மூடினேன்.

மூன்றாவது, இன்ஜினின் தலையில் வரிசையாக இருக்கிற ஆறு நாசில்கள். டீசலைச் சிலிண்டருக்குள் பீய்ச்சுகிற மூக்குகள் அவை. அவற்றைக் கழற்றிவிட்டு இன்ஜினைக் கையால் சுற்றினால், உள்ளே தண்ணீர் இருந்தால் அந்தத் துவாரம் வழியே வெளியேறிவிடும். கழற்றாமல் சுற்றினால் மறுபடி முட்டும். ஒவ்வொன்றையும் கழற்ற நேரமாகும். மழையில் ஸ்பேனர் வழுக்கியது. மூன்றாவதைக் கழற்றும்போது நாலு நாற்று முங்கியிருந்தது.

ஒருதரம் தட்டித்தான் பார்ப்போமே தம்பி, பிடித்தாலும் பிடித்துக்கொள்ளும் என்று சுடலைமுத்து கெஞ்சினார். பெண்களில் இரண்டு பேர் அழ ஆரம்பித்தார்கள். எனக்கும் அந்த ஆசை வந்தது, மறைக்க மாட்டேன். கழற்றுகிறவனுக்குத்தான் கழற்றுகிற நேரம் எவ்வளவு நீளம் என்று தெரியும்.

ஆறும் கழன்ற பிறகு, முன்னால் ஹேண்டிலை மாட்டி இரண்டு பெண்களைச் சுற்றச் சொன்னேன். அரைச் சுற்று சுற்றியதும் துவாரங்களிலிருந்து தண்ணீர் பீறிட்டு என் முகத்தில் அடித்தது. இரண்டு இரண்டு பேராக மாறி மாறிச் சுற்றினார்கள். வயலில் சோர்வு தெரியாமல் இருக்க ஒருத்தி பாட்டை இழுக்க மற்றவர்கள் முனகுவார்களே, அந்த முனகல் தானாக வந்துவிட்டது. கடைசியில் தண்ணீர் நின்று வெறும் காற்று வந்தது.

ஆயில் தொட்டியின் அடித் திருகைத் தளர்த்தினேன். பாத்திரம் கழுவிய தண்ணீர் மாதிரி வந்து, பிறகு மோர் வந்து, பிறகு கறுப்பு வந்தது. உடனே இறுக்கினேன். வண்டியில் இருந்த ஒரு டின் ஆயிலை மேலே ஊற்றினேன். ஏழு நாற்று முங்கிவிட்டது.

ஆறு ஈர்க்கு

அந்த "டொக்" இன்னும் பாக்கி இருந்தது. அது ராடு வளைந்த சத்தமா? வளைந்தால் எது?

வண்டி கூட்டுகிற துடைப்பத்திலிருந்து ஆறு ஈர்க்கு உருவினேன். நாசில் துவாரத்தில் ஈர்க்கை விட்டால் அது பிஸ்டனின் தலையில் போய் நிற்கும். ஹேண்டிலை மெல்லச் சுற்றினால் பிஸ்டன் ஈர்க்கை மேலே தள்ளிக்கொண்டு வரும். உச்சிக்கு வந்து நிற்கும் இடத்தில், துவாரத்தின் வாயருகே ஈர்க்கில் நகத்தால் ஒரு கீறல். ராடு நேராக இருந்தால் எல்லா ஈர்க்கிலும் கீறல் ஒரே உயரத்தில் விழும். வளைந்திருந்தால் பிஸ்டன் உச்சிக்கு முழுதாக வராது. அந்த ஈர்க்கில் மட்டும் கீறல் மேலே ஏறி நிற்கும். அஸ்ஸாமில் மேஸ்திரி இதைக் கம்பியால் செய்ததை மண்ணெண்ணெய்த் தொட்டியிலிருந்து பார்த்திருக்கிறேன்.

ரேடியேட்டர் பக்கத்திலிருந்து ஒவ்வொன்றாகக் கீறிக் கீறிப் பேச்சியம்மாளிடம் கொடுத்தேன். கையில் வைத்திருந்தால் கலந்துவிடும் என்று அவள் லாரியின் ஓரத்திலேயே ஈர மண்ணில் வரிசையாகக் குத்திக்கொண்டே வந்தாள். அடிகள் எல்லாம் சிறு கல்லில் முட்டி நிற்கும்படி, ஒரே ஆழத்தில் குத்தினாள். நடவுக்காரியின் கைக்கு அது பெரிய காரியமில்லை.

ஆறும் முடிந்து கீழே இறங்கிப் பார்த்தேன். ரேடியேட்டர் பக்கத்திலிருந்து எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று சமம். நாலாவது ஈர்க்கில் கீறல் ஒரு நகக்கண் அளவு மேலே. ஐந்தும் ஆறும் சமம்.

நாலாவது ராடு வளைந்துவிட்டது.

அதை மாற்ற அங்கே வழியில்லை. ஆனால் வேலை கொடுக்காமல் சும்மா விடலாம். நாலாவது நாசிலை மட்டும் மாட்டாமல் துவாரத்தைத் திறந்தே விட்டேன். அதற்கு வருகிற டீசல் குழாயை ஒரு காலி டின்னுக்குள் திருப்பிவிட்டேன். அந்தச் சிலிண்டரில் நெருப்பும் இல்லை, அமுக்கமும் இல்லை. ராடு சுமை இல்லாமல் சும்மா போய் வரும். மற்ற ஐந்தும் வண்டியை இழுக்கும். ஐந்து நாசிலையும் மாட்டி, குழாய்களில் அடைத்திருந்த காற்றை வெளியேற்றி முடித்தபோது ஒன்பது நாற்று முங்கிவிட்டது.

கேட்டாள்

அப்போதுதான் பேச்சியம்மாள் என் முன்னால் வந்து நின்றாள். மற்ற பெண்கள் அவள் முதுகுக்குப் பின்னால் நின்றார்கள்.

"மேஸ்திரி, என் மூஞ்சியைப் பாத்துச் சொல்லும். இதுல ஏறலாமா, இல்ல இங்கனயே கிடந்து சாமியைக் கும்பிடணுமா?"

முதலாளியிடம் சொன்ன பொய்யை அவளிடமும் சொல்லியிருக்கலாம். நாக்கு எழவில்லை.

"அக்கா, எனக்கு டீசல் வேலை தெரியாது. பட்டாளத்துல சாமான் கழுவுனேன், அவ்வளவுதான். பாத்ததை வச்சுச் செஞ்சிருக்கேன். ஆனா ஒண்ணு மட்டும் நிச்சயம். கெட்டது நாலாவது. அதை நிப்பாட்டிட்டேன். மத்த அஞ்சும் நல்லது."

சுடலைமுத்து வாயைப் பிளந்தார். பேச்சியம்மாள் திரும்பி, ஏறுங்கட்டி என்றாள். செல்லம்மாளை முதலில் ஏற்றினாள்.

பேட்டரியும் நனைந்திருந்தது. அதில் ஒரு மூச்சுதான் மிச்சம் இருக்கும் என்று தெரியும். சுடலைமுத்து முருகனை நினைத்துக்கொண்டு ஸ்டார்ட்டரை அழுத்தினார். இன்ஜின் முனகியது, சுற்றியது, நின்றுவிடும் போல் தயங்கியது. பிறகு பிடித்துக்கொண்டது. வெள்ளைப் புகை எங்களை மூடியது. திறந்து கிடந்த துவாரத்திலிருந்து புஸ் புஸ்ஸென்று காற்று சீறியது.

நான் பானெட்டின் ஒரு பக்கத்தைத் திறந்து வைத்து, ஃபுட்போர்டில் நின்றுகொண்டேன். இரண்டாவது கிளையில் இறங்கினோம். இந்த முறை சாக்கு கட்டவில்லை. காற்றுக்குழாயின் வாயைக் கழற்றி மேலே தூக்கிக் கட்டியிருந்தேன்.

நடு ஆற்றில் ஒரு சத்தம் கேட்டது. டக், டக், டக். உள்ளே யாரோ சின்னச் சுத்தியலால் தட்டுவது போல. சுடலைமுத்து ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, சத்தம் சரியில்லையே தம்பி என்றார். நாலாவது சும்மா ஆடுகிறது, அதுதான் அண்ணாச்சி, நிறுத்தாமல் போங்கள் என்றேன். தண்ணீர் என் முழங்காலை அறுத்துக்கொண்டு போனது. வண்டியின் பின்பக்கம் ஒருமுறை நகர்ந்து கொடுத்தது. மேலே ஒருத்திகூடச் சத்தம் போடவில்லை. டக் டக்கை மட்டும் கேட்டுக்கொண்டு நின்றேன்.

கரை ஏறினோம். நிறுத்தினால் மறுபடி கிளம்பாது என்று நிறுத்தவே இல்லை. இலஞ்சி விலக்கு வந்ததும் வண்டியை ஊர விட்டோம். ஒவ்வொருத்தியாக இறங்கி ஓடினார்கள். செல்லம்மாள் திரும்பிப் பார்க்காமல் ஓடினாள். பதினொன்று என்று எண்ணிக்கொண்டேன். தென்காசி மரக்கடை வாசலில் போய் லாரி தானாக நின்றது.

பட்டறையில்

நாலாம் நாள் இன்ஜினைப் பிரித்தோம். அதற்குள் கதை பரவிவிட்டது. டீக்கடையில் எனக்குக் காசு வாங்க மறுத்தார்கள். பதினொரு பேரைக் கரையேற்றிய மேஸ்திரி என்று முதலாளியே வருகிறவர்களிடம் சொன்னார். நானும் காலரைத் தூக்கி விட்டுக்கொள்ளாமல் இல்லை.

முதலில் நாலாவது ராடைக் கழற்றினேன். அடிஸ்கேல் மாதிரி நேராக இருந்தது. திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒரு குறையும் இல்லை.

மூன்றாவதைக் கழற்றினேன். வளைந்திருந்தது. வளைவின் வயிற்றில் ஒரு வெடிப்பு பாதிக்கு மேல் ஓடியிருந்தது. வலுவான கையால் இரண்டு தட்டுத் தட்டினால் இரண்டாகியிருக்கும். அதை வைத்துத்தான் ஆற்றைக் கடந்திருக்கிறோம். நல்ல சிலிண்டரை நிறுத்திவிட்டு, சாகப்போகிற சிலிண்டரில் நெருப்பைக் கொளுத்தி, பதினொரு பெண்களை அதன்மேல் உட்கார வைத்துக்கொண்டு வந்திருக்கிறேன். டக் டக் என்றது நாலாவது அல்ல. மூன்றாவது என்னைக் கூப்பிட்டுக்கொண்டே வந்திருக்கிறது.

பட்டறைத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். எங்கே தப்பு என்று யோசித்தேன். எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை.

அன்று சாயங்காலம் பேச்சியம்மாள் வந்தாள். ஓலைப்பெட்டியில் எலுமிச்சம்பழமும் ஒரு சீப்பு நாட்டுப்பழமும் கொண்டுவந்திருந்தாள். செல்லம்மாளும் குழந்தையும் நன்றாக இருப்பதாகச் சொன்னாள். எங்களைக் கொல்லப் பார்த்த சாமான் எது, காட்டும் என்றாள்.

நேரான ராடைக் காட்டியிருந்தால் அவளுக்கு என்ன தெரியப் போகிறது? இரும்பு என்று பார்த்துவிட்டுப் போயிருப்பாள். ஆனால் அவளிடம் ஒருமுறை உண்மை சொல்லியாகிவிட்டது. அதன் பிறகு பொய் வரவில்லை. இரண்டையும் அவள் முன்னால் வைத்தேன். இது மூன்றாவது, இது நாலாவது, நான் நிறுத்தியது நாலாவதை என்றேன். ஈர்க்கை நான் ஒழுங்காகத்தான் கீறினேன், எப்படி மாறியது என்று தெரியவில்லை என்றேன்.

அவள் வெடிப்பின்மேல் விரலை வைத்தாள். நகம் உள்ளே போயிற்று. விரலை எடுத்துச் சேலையில் துடைத்துக்கொண்டு, லாரியின் பக்கத்தில் போய் நின்றாள். வண்டியின் பின்பக்கத்தைப் பார்த்து நின்று, குனிந்து, வெறுங்கையால் தரையில் ஒரு இடத்தைத் தொட்டாள். ஒரு அடி பின்னால் வந்து இன்னொரு இடத்தைத் தொட்டாள். அப்படியே ரேடியேட்டர் வரைக்கும் பின்னாலேயே வந்தாள்.

"நடுதவ பின்னாலதான வருவா," என்றாள்.

அவள் முதல் ஈர்க்கைக் குத்திய இடம் வண்டியின் பின்பக்கம். கடைசி ஈர்க்குத்தான் ரேடியேட்டருக்குப் பக்கத்தில் வந்திருக்கிறது. நான் அதை ஒன்று என்று எண்ணியிருக்கிறேன். அவள் வரிசையில் மூன்றாவது, எனக்கு நாலாவதாகிவிட்டது. அவள் நட்டதில் தப்பில்லை. ஆயிரம் வயலில் அப்படித்தான் நட்டிருக்கிறாள். நான் எண்ணியதிலும் தப்பில்லை. எந்த மேஸ்திரியும் ரேடியேட்டரிலிருந்துதான் எண்ணுவான். எந்தப் பக்கம் முதல் என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ளவில்லை. ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும்.

ஊரில் எல்லோரிடமும் சொல்லிவிடப் போகிறேன், எனக்குக் கிடைக்கிற மரியாதை வேண்டாம் என்றேன். அவள் ஓலைப்பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டாள். பழத்தை என் பக்கத்தில் வைத்தாள்.

"யார்ட்டயும் சொல்லிராதீரும் மேஸ்திரி. அவளுக எல்லாரும் நல்லாத் தூங்குதாளுக. நீரும் நானும் முழிச்சுக் கிடந்தாப் போதும்."

அவள் சொன்னபடி இத்தனை வருஷம் யாரிடமும் சொல்லவில்லை. சுடலைமுத்துவிடம்கூடச் சொல்லவில்லை. எங்காவது சாலையில் டீசல் வண்டி ஒன்று டக் டக்கென்று போனால் அன்று இரவு எனக்குத் தூக்கம் போயிற்று என்று அர்த்தம். இலஞ்சியில் இன்னொருத்தியும் விழித்துக்கொண்டிருப்பாள் என்று நினைத்துக்கொள்வேன். அது ஒரு துணையாக இருந்தது.

பேச்சியம்மாள் போன வருஷம் தவறிவிட்டாள். இப்போது முழித்துக் கிடப்பது நான் ஒருவன்தான்.